காணாததும் ஒரு கண்டுபிடிப்பு

2017 ஆகஸ்ட் 17, இந்திய நேரப்படி மாலை 6.11 மணி. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் உள்ள லைகோ கருவியில் ஓர் ஈர்ப்பு அலை பதிவானது. அலை உச்சம் தொட்ட 1.7 விநாடியில், ஃபெர்மி விண்கலம் ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. வெகு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றாகியிருந்தன.

எங்கே? லிவிங்ஸ்டனில் உள்ள இரண்டாவது லைகோவில் அதே சமயம் ஒரு பேரிரைச்சல் குறுக்கிட்டதால், தானியங்கிக் கணிப்பு அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டது. ஆய்வாளர்கள் அதைத் தோண்டி எடுத்து இரைச்சலை நீக்கினார்கள்; உள்ளே அலை தெளிவாக இருந்தது. இத்தாலியின் விர்கோ கருவியிலோ அலை மிக மங்கலாகத்தான் தெரிந்தது. கருவியில் பழுதில்லை. அப்படியானால், அதன் பார்வை மங்கும் சில திசைகளில் ஒன்றில்தான் மோதல் நடந்திருக்க வேண்டும். ஏறக்குறைய 190 சதுர டிகிரியாக இருந்த தேடுபரப்பு சுமார் 30 ஆகச் சுருங்கியது, பெரிதாக எதையும் காணாத விர்கோவால்தான்!

சிலியில் இருட்டும்வரை காத்திருந்த வானியலாளர்கள், அந்தப் பரப்பிலுள்ள விண்மீன் மண்டலங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மோதலுக்குப் பதினோரு மணி நேரத்துக்குள், ஒரு மீட்டர் விட்டமுள்ள ஸ்வோப் தொலைநோக்கியில் புதிய ஒளிப்புள்ளி அகப்பட்டது. இடம்: சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 4993. தங்கம் போன்ற கன உலோகங்கள் இத்தகைய மோதல்களில் உருவாகின்றன என்பதற்கு அந்த ஒளி சான்று தந்தது. சுமார் 70 ஆய்வகங்கள் அதைத் தொடர்ந்து கவனித்தன. அக்டோபரில் வெளியான கூட்டுக் கட்டுரையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தார்கள்.

அதே மாதம் ஈர்ப்பு அலை ஆய்வுக்கான நோபல் பரிசு ரெய்னர் வெய்ஸ், பாரி பாரிஷ், கிப் தார்ன் ஆகிய மூவருக்கு அறிவிக்கப்பட்டது. மூவரும் தகுதியானவர்கள்தாம். ஆனால் ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிரக் கூடாது என்ற விதி, இன்றைய அறிவியல் நடக்கும் விதத்துக்குப் பொருந்தவில்லை. இரைச்சலை நீக்கியவருக்கும், 'எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை' என்று உள்ளபடி சொன்னவருக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டு.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023இல் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அங்கே பணியாற்றப்போகும் பிள்ளைகள் இன்று பள்ளியில் படிக்கிறார்கள். தனிமேதைகளின் கதைகளோடு, அடுத்தவர் தரவைச் சரிபார்ப்பதையும், தமக்குத் தெரியாததைத் தயங்காமல் சொல்வதையும் அவர்களுக்கு இப்போதே கற்றுத்தர வேண்டும்.