சுவரில் தொங்கும் 'நரி வேட்டை' ஓவியம்: படத்தில் நரி எங்கே?

திருவொற்றியூரில் நண்பன் புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். ஹால் சுவரில் பெரிய கேன்வாஸ் பிரின்ட்: சிவப்புக் கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள், வேலியைத் தாண்டும் குதிரைகள், முன்னால் ஓடும் ஒரு கூட்டம் நாய்கள். "இன்னாடா இது, ரேஸா?" என்று கேட்டார் அவனுடைய ஆயா. "இல்ல ஆயா, நரி வேட்டை." "அப்போ நரி எங்க?"

நியாயமான கேள்வி. தேடிப் பார்த்தோம். கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்து மடிக்கும்போது படத்தின் ஓரம் சட்டத்தின் பக்கவாட்டுக்குப் போய்விடும். குட்டியாக வரைந்திருந்த நரி அந்த மடிப்பில் மாட்டியிருந்தது. (ஆர்டர் கொடுக்கும்போது ஓரத்தை வெறும் வெள்ளையாக விடச் சொன்னால் இந்தப் பிரச்சினை வராது.)

இது யார் வரைந்த படம்?

பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர்களுடையது. ஹென்றி ஆல்கன், ஜான் ஃபிரெடரிக் ஹெர்ரிங் ஆகியோர் இதில் பிரபலம். அந்தக் காலத்திலேயே இவற்றைத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் பூசி, நான்கு படங்கள் கொண்ட செட்டாக விற்றார்கள். வேட்டைக்குக் கூடுவது, புதரிலிருந்து நரியைக் கிளப்புவது, துரத்துவது, கடைசியில் நரி சாவது. இன்றைய கடைகளில் நான் பார்த்தவரை முதல் மூன்றுதான் தொங்குகின்றன. நான்காவதை ஹாலில் மாட்ட யாருக்கு மனசு வரும்?

ஆல்கன் 1851ல் இறந்துவிட்டார். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு வரைதான் காப்புரிமை. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். 'ஒரிஜினல்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அது இங்க்ஜெட் பிரின்ட்தான்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே மெட்ராஸ் ராஜதானியில் இருந்த ஆங்கில அதிகாரிகள் ஊட்டியில் இதே வேட்டையைத் தொடங்கிவிட்டார்கள். 'ஊட்டி ஹன்ட்' என்று பெயர். அதே கோட்டு, அதே கொம்பு. ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்களை இங்கிலாந்திலிருந்து கப்பலில் இறக்கினார்கள். அப்போது மெட்ராஸில் துறைமுகம் கிடையாது, 1870களின் நடுவில்தான் கட்டவே தொடங்கினார்கள். கப்பல் தூரத்தில் நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரணும். சென்னை வழியாக வந்த எதற்கும் வேறு வழி இல்லை. ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியதே 1856 ஜூலை 1ல்தான், அதுவும் வாலாஜா ரோடு வரைக்கும்.

எல்லாம் வந்தது, ஆனால் நரி வரவில்லை. படத்தில் ஓடுவது செந்நரி. அது நீலகிரியில் இல்லை. ஆகவே ஆங்கிலத்தில் ஜாக்கல் என்று சொல்லும் நம்ம ஊர் நரியைத் துரத்தினார்கள். ஊட்டி–கூடலூர் சாலையில் 'ஷூட்டிங் ஸ்பாட்' என்று இறங்கி செல்ஃபி எடுக்கிறோமே, அந்தப் புல்வெளி வென்லாக் டவுன்ஸ் பகுதியைச் சேர்ந்தது. 1891 முதல் 1896 வரை கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. வேட்டைக்காரர்கள் குதிரை ஓட்டியதும் அங்கேதான். சுதந்திரத்துக்குப் பிறகும் வெலிங்டன் ராணுவக் கல்லூரி அதிகாரிகள் மூலம் ஊட்டி ஹன்ட் தொடர்ந்தது.

இன்று சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி நரியை வேட்டையாடக் கூடாது. இங்கிலாந்தில் தாமதம்: நாய்களை விட்டு நரியைக் கொல்வதற்கான தடை அங்கேயும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி 18ல்தான் அமலுக்கு வந்தது. அதன் பிறகு வாசனைத் தடத்தை மட்டும் இழுத்துவிட்டு நாய்களை ஓடவிடுகிறார்கள். அந்தப் பெயரில் நிஜ வேட்டை நடக்கிறது என்ற புகார் வலுக்க, அதையும் தடை செய்வோம் என்று 2024 தேர்தல் அறிக்கையில் லேபர் கட்சி சொன்னது.

இங்கே சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கம் வேறு கதை. பொங்கலை ஒட்டி 'வங்கா நரி ஜல்லிக்கட்டு' நடத்தும் பழக்கம் சில கிராமங்களில் உண்டு. வலை போட்டு நரியைப் பிடித்து, ஊருக்குள் கொண்டுவந்து, கயிறு கட்டி ஓடவிட்டு, திரும்பக் காட்டில் விடுவார்கள். 'நரி முகத்துல முழிச்சா' அந்த வருஷம் நல்லா இருக்கும் என்பது நம்பிக்கை. வனத்துறை பலமுறை அபராதம் போட்டிருக்கிறது. நரிக்கு அது சித்திரவதைதான், அபராதம் சரிதான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. கொல்லாமல் விட்ட கிராமத்துக்காரர் வனக் குற்றவாளி என்று செய்தியில் வருகிறார். கொல்வதற்காகவே குதிரை ஏறியவர் கேன்வாஸில் 'ராயல் லுக்' என்று விற்கப்படுகிறார்.

படத்தை மாட்டுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. நண்பனும் கழற்றப் போவதில்லை. நிஜ நரியைப் பார்க்கணும்னா தூரம் போகவேண்டாம், கிண்டி தேசியப் பூங்காவில் இருக்கிறது. ஆயாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறோம்.