வருஷ வாடகை நூறு ரூபாய்க்குள்ளே!

எங்க ஊர் பேச்சிப்பாறை. அடிக்கடி பேப்பரில் பேர் வருகிற ஊர். என்ன சாதனை என்கிறீர்களா? 'அணை நீர்மட்டம் இத்தனை அடி' என்பதுதான்! 1906-ல் கட்டி முடித்த அந்த அணைக்கு இன்ஜினீயராக இருந்த மிஞ்சின் துரையின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அட்வான்ஸ், வாடகை எதுவும் இல்லாமல் நிரந்தரமாக இடம் பிடித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருத்தர்தான்.

நம்ம கதை அப்படியா? பிழைக்கச் சென்னைக்குப் போனால், பத்து மாச அட்வான்ஸ், பதினோரு மாச அக்ரிமென்ட், 'பேச்சிலரா... ஸாரி ஸார்!' சம்பளத்தில் பெரும் பங்கு வீட்டுக்காரருக்கு. சரி, சம்பளம் நின்ற பிறகு? அந்தக் கேள்வியை மட்டும் நாம் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் என்று ஒரு ஊர். அங்கே யாக்கோப் ஃபுக்கர் என்கிற வியாபாரி, 500 வருஷத்துக்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டார். ராஜாக்களுக்கே கடன் கொடுத்த ஆசாமி. உழைத்தும் நொடித்துப்போன உள்ளூர் ஏழைகளுக்காக வரிசை வரிசையாக வீடு கட்டி, 1521-ல் சாசனம் எழுதி வைத்தார். பேர் ஃபுக்கரை. வருஷ வாடகை ஒரு கில்டர். இன்றைக்கும் அதே வாடகைதான்! இப்போதைய கணக்கில் 0.88 யூரோ. நம்ம காசில் நூறு ரூபாய்க்குள்ளே. கரன்ட் பில் தனி. தினம் மூன்று வேளை ஜெபம் செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்கு கேட் சாத்திவிடுவார்கள், லேட்டாக வந்தால் அபராதம். (மேன்ஷன்வாசிகள் கவனிக்க!) இசை மேதை மோஸார்ட்டின் கொள்ளுத்தாத்தா, ஒரு கொத்தனார், இங்கே குடியிருந்தவர்தான்.

அந்த ஒரு கில்டரையும் ஏன் விட்டுவைத்தார்? பி.காம். படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: வாடகை கொடுப்பவன் பிச்சைக்காரன் இல்லை. ரசீது கையில் இருந்தால் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

நம்ம பக்கம் இதெல்லாம் இல்லையா? உண்டு. 1782-ல் பஞ்சம் பிழைக்கச் சென்னைக்கு வந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம் மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் அது 'மணேகார் சௌல்ட்ரி' ஆனது. பசித்தவர்களுக்குப் பின்னால் நோயாளிகளும் வர, ஆஸ்பத்திரி முளைத்தது. அதுதான் பிற்பாடு ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரிசுகளுக்கு அது 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'. சத்திரமோ ஆதரவில்லாத முதியோருக்கு வீடானது.

ஃபுக்கர் சாசனத்தோடு சொத்தும் வைத்தார். பின்னால் வந்தவர்கள் காடு, நிலம் என்று சேர்த்தார்கள். இன்றைக்கு அங்கே கூரைக்கு ஓடு மாற்றுவது பெரும்பாலும் அந்தக் காட்டு வருமானத்தில்தான். அன்னதானம் அன்றைய பசியைத் தீர்க்கும், புண்ணியம்தான். ஆனால் முதலைத் தொடாமல் வருமானத்தில் நடக்கிற தர்மம்தான் தாத்தாவுக்கும் பேரனுக்கும் கூரை போடும்.

கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சம் மறைகிற அளவுக்கு 'உபயம்' எழுதுகிறோமே, அது ஃபியூஸ் போகிறவரைதான். மணியக்காரர் சத்திரத்தின் பேரில் இருப்பது பதவி மட்டுந்தான், ஆள் பேர் கிடையாது. ஆனாலும் நிற்கிறது பாருங்கள், 240 வருஷமாக!