அட்டையில் யானை, உள்ளே ஜூல்ஸ் வெர்ன்

ஒரே நாவல், அதே எழுத்து, அதே படங்கள் என்றிருக்க, மேலட்டை வேறுபட்டால் மட்டும் ஒரு புத்தகத்தின் மதிப்பு மாறிவிடுமா? மாறும் என்பதற்குப் பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் சாகச நாவல்கள் அழகான சான்று.

19ஆம் நூற்றாண்டில் அவற்றை வெளியிட்ட பாரிஸ் பதிப்பாளர் எட்ஸெல், புத்தாண்டுப் பரிசாகப் பிள்ளைகளுக்கு வழங்கத்தக்க பெரிய பதிப்புகளை, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட ஓவியங்களோடும், துணி போர்த்திப் பொன்னிற வேலைப்பாடு பதித்த கெட்டி அட்டையோடும் கொண்டுவந்தார். சிவப்புத் துணியில் பொன் மின்னும் அந்த அட்டைகளுக்கு இணையானவை அக்காலப் பதிப்புலகில் அரிது. அட்டையின் வடிவம் அவ்வப்போது மாறியதால், சேகரிப்பாளர்கள் அவற்றை 'இரட்டை யானை' என்றும் 'பொன் உருண்டை' என்றும் அட்டைச் சித்திரத்தைக் கொண்டே பெயரிட்டு அழைக்கிறார்கள்.

இவற்றில் பலவற்றின் முகப்புத் தாளில் ஆண்டு அச்சிடப்படாததால், ஒரு பிரதி எப்போது வெளியானது என்பதைக் கண்டறிய, நூலோடு சேர்த்துக் கட்டப்பட்ட பதிப்பகத்தின் நூற்பட்டியலை, அதாவது அப்போது விற்பனையில் இருந்த புத்தகங்களின் விளம்பரத் தாள்களை, ஆய்வாளர்கள் துணைகொள்கிறார்கள். எந்த நாவல் வரை அதில் இடம்பெற்றுள்ளது என்பதே காலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே, பழைய நூலொன்றை மறுபடி பைண்டு செய்யக் கொடுப்பவர்கள், அதன் கடைசி விளம்பரத் தாள்களையும் மூல அட்டையையும் தவறாமல் காப்பாற்றி வைக்க வேண்டும்.