படகு ஏன் நிமிராமல் போகிறது?

உல்லாசப் படகு கவிழ அதில் ஓட்டை விழ வேண்டியதில்லை. சாய்ந்தது நிமிராமல் போனாலே போதும். படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்து உடல் கூடுதலாக நீருக்குள் அமிழும். நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையும் அங்கே நகர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கும். ஆனால் எடை மேலே ஏற ஏற, சாய்வின்போது அந்த எடையும் தாழ்ந்த பக்கமாகவே சரிந்து, நிமிர்த்தும் விசையைத் தின்றுவிடும். ஆகவே எத்தனை பேர் ஏறினார்கள் என்பதோடு, அவர்கள் எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

2005 அக்டோபர் 2 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜார்ஜ் ஏரியில் ஈத்தன் ஆலன் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20 பேர் இறந்தார்கள். ஏறியிருந்த பயணிகள் 47 பேர். சான்றிதழோ 50 பேருக்கு. காகிதத்தின்படி எல்லாம் சரிதான்! ஆனால் ஓர் ஆளுக்குச் சுமார் 63 கிலோ என்று வைத்துப் போட்ட பழைய கணக்கு அது. போதாததற்கு, துணிக் கூரையை எடுத்துவிட்டு அதைவிடக் கனமான மரக்கூரையை வைத்திருந்தார்கள். அதன்பின் நிலைத்தன்மையை யாரும் மறுபடி சோதிக்கவில்லை. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த நிலையில் படகுக்கு 14 பேரையே அனுமதித்திருக்கலாம் என்று கண்டது. அலை ஒன்று தாக்க, படகு சட்டெனத் திரும்ப, நீள பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒரே பக்கமாகச் சரிந்தார்கள். பிறகு படகு நிமிரவில்லை.

லைஃப் ஜாக்கெட் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். அன்று படகில் ஜாக்கெட்டுகள் இருந்தன, யாரும் அணிந்திருக்கவில்லை. கவிழ்ந்த வேகத்தில் எடுத்து மாட்டவும் நேரமில்லை. திறந்த படகில் அதை அணிந்தே ஆக வேண்டும், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் மூடிய கூரைக்குள் படகு தலைகீழானால், அதே ஜாக்கெட் ஆளை மேலே தூக்கிச் சென்று படகின் அடித்தளத்தோடு அழுத்திவிடவும் கூடும். கவிழ்ந்த பின் காப்பாற்றும் பொருளை நம்பிக் கவிழாமல் இருப்பதற்கான கணக்கைத் தளர்த்த முடியாது.

ஓரிருவர் கூடுதலாக ஏறினால் என்ன குறை என்பாரும் உண்டு. கீழ்த்தளத்தின் நடுவே உட்கார்ந்தால் பெரிதாக ஒன்றுமில்லாமல் போகலாம். அதே இருவர் மேல்தளத்தின் ஓரத்தில், கரையில் தெரியும் யானையைப் பார்க்க நின்றால் விளைவு வேறு. அதிலும் அவர்கள் பின்னால் மற்றவர்களும் எழுந்து வருவார்கள். ஆளுக்கு எவ்வளவு எடை என்ற பழைய கணக்கும் பின்னர் மாறியது: அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2011இல் சராசரிப் பயணிக்கு வைக்கும் எடையைச் சுமார் 84 கிலோவாக உயர்த்தியது. அதன்பின் எத்தனையோ படகுகளில் அனுமதிக்கப்பட்ட பயணிகளின் எண்ணிக்கை குறைந்தது. உரிமையாளர்களுக்கு அது வருமான இழப்புதான்.