விழித்திருக்கும் இரவும் ஒரு மரபணுவும்

மனித உயிரணுவைச் சூழ்ந்த கொழுப்புச் சவ்வு, நீரில் கரையும் மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடுவதில்லை என்பதால், அவை போய்வருவதற்கெனத் தனிப் புரதங்கள் அதில் பதிந்துள்ளன. 6ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்எல்சி29ஏ1 மரபணு உருவாக்கும் ஈஎன்டி1, 456 அமினோ அமிலங்கள் கொண்ட அத்தகைய புரதமாகும். சர்க்கரையும் நைட்ரஜன் காரமும் இணைந்த நியூக்ளியோசைடுகளை, செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்திற்கு அது கடத்துகிறது. ஜெம்சிட்டபின் என்னும் புற்றுநோய் மருந்தும் இவ்வழியே நுழைகிறது. எனினும் இரவு ஷிப்டுகள் நடக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி கவலைப்பட வேண்டியது, இப்புரதம் கடத்தும் அடினோசினைப் பற்றியே.

உயிரணுக்களின் எரிபொருளான ஏடிபி சிதையும்போது உண்டாகும் அடினோசின், விழிப்பு நீள நீள மூளையின் சில பகுதிகளில் உயிரணுக்களுக்கு வெளியே சேர்ந்து உறக்கத்தை வரவழைக்கிறது. ஈஎன்டி1 மரபணு படியெடுத்துப் பிரிக்கப்பட்ட 1997ஆம் ஆண்டிலேயே வெளியான ஓர் ஆய்வில், பூனைகளின் முன்மூளை அடிப்பகுதியில் இக்கடத்தலைத் தடுத்தபோது, அடினோசின் பெருகி அவற்றின் விழிப்பு நேரம் குறைந்தது. அதிகாலை மூன்று மணிக்கு அசெம்பிளி லைனில் கண் சொக்குவதைச் சோம்பல் என்று திட்டுவோர் அறிய வேண்டிய செய்தி இது.

இரவு ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குவோர், கழுத்திலுள்ள அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் டீக்கடையில் நிற்கின்றனர். தேநீரின் காஃபீன், அடினோசின் அமர வேண்டிய ஏற்பிகளில், அதாவது அதன் செய்தியை உயிரணுவுக்குள் சேர்க்கும் புரதங்களில், தான் அமர்ந்துகொள்கிறதே ஒழிய, சேர்ந்துவிட்ட அடினோசினை அகற்றுவதில்லை. உடலிலுள்ள காஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரமாவதால், ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு இருட்டாக்கிய வாடகை அறையில் படுத்த பின்னும் தூக்கம் பிடிப்பதில்லை.

எந்திரங்களை இரவில் நிறுத்தினால் முதலீடு முடங்கும் என்னும் நிர்வாகத் தரப்பின் வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்கவற்றின் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்து, 2019இல் மீண்டும் உறுதிசெய்திருக்கையில், ஷிப்ட் அட்டவணையை உற்பத்திக் கணக்கை மட்டும் பார்த்து வரைவது தகாது. காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும் முறை உடலுக்கு ஒப்பீட்டளவில் எளிதாக இருக்கையில், இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் பின்னோக்கித் தள்ளும்போது, ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் இடையே சில வேளைகளில் எட்டு மணி நேரமே எஞ்சுகிறது. பஸ் பயணமும் குளியலும் சாப்பாடும் அதற்குள்ளேதான் நடக்க வேண்டியிருக்கிறது.