பிசிறு போனால்தான் கூர்

பேனாக்கத்தி என்ற பெயரே அதன் முதல் வேலையைச் சொல்லிவிடுகிறது. பறவை இறகைச் சீவி எழுதுகோலாக்கிய காலத்தில், தேய்ந்த முனையை அடிக்கடி திருத்துவதற்கு ஐரோப்பிய எழுத்தர்கள் சிறு கத்தி ஒன்றைக் கைவசம் வைத்திருந்தார்கள். ஓலையில் எழுதிய தமிழகத்திலும் அதே தேவை இருந்தது. ஓலையை வார ஒரு அலகும் எழுத ஒரு முனையுமாகப் பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி அப்படிப் பிறந்ததுதான்.

இறகு போன பிறகும் கத்தி போகவில்லை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் மரப்பிடி போட்டுச் செய்த மடக்குக்கத்தி இன்றும் ஏறத்தாழ அதே வடிவில் விற்கிறது. அலகு தானாக மடங்கி விரலை வெட்டிவிடாமல் தடுக்கும் சுழல் வளையம் மட்டும் 1955-இல் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்செனர் 1891-இல் தம் நாட்டுப் படைக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். 1897-இல் அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவுசெய்தார். விக்டோரினாக்ஸ் என்ற பெயரில் உலகம் அறிந்த சிவப்புக் கத்தி அதன் வழிவந்தது. இத்தகைய கத்திகளை வைத்திருப்போரில் ஒரு பகுதியினருக்கு வெட்டுவதைவிடத் தீட்டுவதிலும், தீட்டியதைச் சோதித்துப் பார்ப்பதிலும்தான் ஈடுபாடு. அதிகச் செலவில்லாத, மேசை மூலை அளவு இடம் போதுமான, கையையும் கண்ணையும் காதையும் ஒருசேரப் பழக்குகிற பொழுதுபோக்கு இது.

கூர் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வெட்டும். மனிதத் தலைமுடியின் தடிமன் பொதுவாக 50 முதல் 100 மைக்ரான். நல்ல சவர பிளேடின் வாய் அரை மைக்ரானை ஒட்டியது. இந்தக் கோடு தேய்ந்து உருண்டாலோ, ஒரு பக்கமாக மடிந்தாலோ, பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ கத்தி மழுங்கிவிட்டது என்கிறோம். எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையான முடியை வெட்டியே பிளேடு எப்படி மழுங்குகிறது என்பது வெகுநாள் புதிர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் மின்னணு நுண்ணோக்கியின் கீழ் முடியை வெட்டிப் பார்த்தார்கள். முடி சாய்வாக வந்து மோதும்போது, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் வாய் சில்லுச்சில்லாக உடைவதைக் கண்டார்கள். மழுங்கல் வெறும் தேய்மானம் அல்ல என்பது அதில் உறுதியானது.

தீட்டுவதில் முதல் கேள்வி கோணம். பேனாக்கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை வைப்பது வழக்கம். கோணமானி தேவையில்லை: கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து அலகின் அகலத்தில் கால்பங்கு உயர்த்தினால் ஏறக்குறைய 15 பாகை வந்துவிடும். அலகு 16 மில்லிமீட்டர் அகலம் என்றால் முதுகு 4 மில்லிமீட்டர் உயர வேண்டும். கோணம் சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சரிவில் மார்க்கர் மையைப் பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். மேலே மட்டும் மை அழிந்திருந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது. வாயோரம் மட்டும் அழிந்திருந்தால் முதுகு உயர்ந்திருக்கிறது. சரிவு முழுவதும் அழிந்தால் பழைய கோணத்திலேயே கை நிற்கிறது. தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை.

கற்களில் ஜப்பானிய நீர்க்கற்கள், அமெரிக்காவின் அர்கான்சாஸ் கற்கள், நுண்ணிய கார்னெட் மணிகள் பொதிந்த பெல்ஜிய மஞ்சள் கற்கள் என்று பல வகை. வைரத்தூள் பதித்த உலோகத் தகடுகளும் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. கல் வாங்காமல் தொடங்க நினைத்தால், பெயின்ட் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரைக் கண்ணாடித் துண்டின்மேல் நனைத்து ஒட்டி, வாயைப் பின்னே விட்டு இழுத்துத் தீட்டலாம். தெருவில் வரும் சாணைச் சக்கரம் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் ஏற்றது. ஆனால் பேனாக்கத்தியின் மெல்லிய வாய் உலர்ந்த சக்கரத்தின் சூட்டில் பதம் இழந்துவிடக்கூடும். அதற்குக் கையும் தண்ணீரும்தான் சரி.

வேலையின் உயிர்நாடி பிசிறு. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனால், சரிவு வாயை எட்டியதும் எஃகு மெல்லிய இழையாக மறுபக்கம் புரளும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக, வாய்க்கு வெளியே போகும்படி மெல்ல இழுத்தால் அது நகத்தில் தட்டும் சொரசொரப்பாகத் தெரியும். வாயின் நெடுகே விரலை ஓட்டிப் பார்ப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. பிடியருகிலிருந்து நுனிவரை பிசிறு வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். மறுபக்கத்திலும் அப்படியே செய்து, பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு சிறுத்துக்கொண்டே வரும். பலர் தோற்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும் கத்தி முதல் தாளை அருமையாக வெட்டும், பத்தாவது தாளில் இழுக்கும். ஏனென்றால் முதலில் வெட்டியது அந்த இழைதான். அது மடிந்ததும் கூர் இருந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சாது.

மீதிப் பிசிறைப் போக்குவது தோல்வார். முடிதிருத்துவோர் சவரக்கத்தியை வாரில் தீட்டுவதுபோல, வாயைப் பின்னே விட்டு முதுகை முன்னே செலுத்தி இழுக்க வேண்டும். வார் எதனால் வேலை செய்கிறது என்பதை அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் வெர்ஹோவன், தீட்டிய வாய்களை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்து 2004-இல் ஆராய்ந்தார். வெறும் தோல் எஃகை அதிகம் தேய்ப்பதில்லை, குரோமியம் ஆக்சைடு என்னும் பச்சைப் பூச்சு தடவிய தோலே கீறலையும் பிசிறையும் நீக்குகிறது என்பது அவர் கண்டது. இதே வெர்ஹோவன்தான் தென்னிந்திய வூட்ஸ் எஃகிலிருந்து வந்த டமாஸ்கஸ் வாள்களின் அலைக்கோலத்தை ஆராய்ந்து, எஃகில் மிகச் சிறிதளவே இருந்த வனேடியம் போன்ற தனிமங்கள் அதற்குக் காரணம் என்று காட்டியவர்.

சோதனையில் இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. இப்போது எவ்வளவு கூர் என்பது ஒன்று; அந்தக் கூர் எவ்வளவு வேலைக்குத் தாங்கும் என்பது வேறொன்று. முதலாவதைப் பார்க்கத் தக்காளித் தோல், தொங்கவிட்ட செய்தித்தாள், கையிலுள்ள முடி எல்லாம் உதவும். வாயை விளக்கை நோக்கிப் பிடித்தால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும்; கூரான இடம் கண்ணுக்கே தெரியாது. தாளை வெட்டும் ஓசையும் சொல்லும்: சீராகச் சீறினால் நல்லது, இடையில் கிழிந்தால் அந்த இடத்தில் பிசிறோ பள்ளமோ இருக்கிறது. எண்ணில் வேண்டுவோர், நிர்ணயித்த மெல்லிய இழையை வெட்ட எத்தனை கிராம் அழுத்தம் தேவை என்று அளக்கும் கருவியை வைத்துக்கொள்கிறார்கள். அதில் சவர பிளேடு 50 கிராமை ஒட்டி நிற்கும்.

தாங்கும் திறனைப் பார்க்க மணிலா கயிற்றையோ அட்டைப்பெட்டியையோ திரும்பத் திரும்ப வெட்டிக் கணக்கு வைப்பது வழக்கம். கயிற்றுக்குக் கயிறு, அட்டைக்கு அட்டை வேறுபடும் என்பதால் ஒரே கட்டிலிருந்து எடுத்து ஒப்பிட்டால்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு. தொழிற்சாலை முறை இதைவிடக் கறாரானது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலுள்ள காட்ரா ஆய்வு நிறுவனத்தின் இயந்திரம், மணற்கூறான சிலிக்கா கலந்த அட்டையை நிலையான அழுத்தத்தில் 60 முறை அறுக்கிறது. முதல் மூன்று அறுப்பின் ஆழம் கூரைச் சொல்லும். மொத்த ஆழம் ஆயுளைச் சொல்லும்.

எஃகைப் பற்றிய வாதம் இந்தப் பொழுதுபோக்கில் ஓய்வதே இல்லை. எஸ்30வி போன்ற புது எஃகுகளில் 4 சதவீதம் வனேடியம் உண்டு. அது உண்டாக்கும் கார்பைடு மணிகள் சாதாரணச் சாணைக்கல்லின் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. அதனால் கூர் நெடுநாள் நிற்கும், தீட்டுவதற்கோ வைரத் தகடு வேண்டும். ராக்வெல் கடினத்தன்மை அளவில் சுமார் 56 காட்டும் சுவிஸ் கத்தி சீக்கிரம் மழுங்கும், ஆனால் எந்தக் கல்லிலும் சில நிமிடங்களில் மீளும். கற்றுக்கொள்ள இதுவே மேல். விலை உயர்ந்த எஃகைத் தடித்த கோணத்தில் வைத்திருப்பதைவிட, எளிய எஃகை மெல்லிய வாயுடன் வைத்திருப்பது நன்றாக வெட்டும்.

தொடங்க நினைப்பவர் 1000 எண் நீர்க்கல் ஒன்றும், பழைய பெல்ட்டிலிருந்து வெட்டிய தோலும், ஒரு மார்க்கரும் வைத்திருந்தால் போதும். புதுக் கத்தியில் கைவைப்பதற்கு முன், சமையலறையில் மழுங்கிக் கிடக்கும் காய்கறிக் கத்தியில் ஒரு மாதம் பழகிக்கொள்ளுங்கள்.