உறங்கி விழித்த எஞ்சின் ஏன் முனகுகிறது?

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடுவதைக் கேட்க விரும்புவோர் முழுநிலா இரவிலே கல்லடிப் பாலத்தருகே தோணியேறிச் செல்வது வழக்கம். தோணி நடுவாவியை அடைந்ததும், சவளின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு சேர்த்து வைக்கும்படி தோணிக்காரர் சொல்வார். காற்றிலே கேளாத ஒலி மரத்தின் வழியே காதை வந்தடையும். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்திருந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் தெனன்ட் என்பாரும் இதனைக் கேட்டு, பின்னர் தமது நூலிலே விரிவாக எழுதிவைத்தார். தோணியின் பலகையிலே காதைப் பொருத்தியபொழுது ஒலி மிகவும் பெருகிக் கேட்டது என்பது அவர் கண்ட உண்மை.

பாடுவது மீனா, ஊரியா என்னும் வழக்கை ஆராய நாம் இங்கு புகவில்லை. மரத்தின் வழியே ஒலியைக் கேட்கும் அதே வித்தை, சென்ற மாதம் ஒரு மோட்டார் வண்டியைப் பழைய இரும்புக் கடையிலிருந்து காப்பாற்றிய கதையையே நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

அக்காவின் கவலை

வாவிக்கரையிலே எமது அயலில் வாழ்ந்த ஆசிரியர் ஒருவரிடம் மொறிஸ் மைனர் 1000 வண்டி ஒன்று இருந்தது. 2022ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக நாட்டு மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றதை யாவரும் அறிவர். அப்பொழுது அவர் வண்டியைக் கிடுகுக் கொட்டகையில் நிறுத்தினார். பங்கீட்டு முறையில் எரிபொருள் கிடைக்கத் தொடங்கிய காலத்தில் அவர் நோயுற்றார். மீண்டும் வண்டியில் ஏறாமலே காலமானார். மூன்றாண்டுகள் வண்டி அசையவில்லை.

அவருடைய மனைவியை நாம் அக்கா என்றே அழைப்போம். வெளிநாட்டிலுள்ள மகன் வண்டியை விற்றுவிடும்படி எழுதினான். விலைபேச வந்தவர் ஒரு புதிய பற்றரியைப் பூட்டி, உடனே எஞ்சினை முடுக்கினார். எஞ்சின் இயங்கியது. ஆனால் மேலே ‘டிக், டிக்’ என்றும், அடியிலே ‘டொக், டொக்’ என்றும் இரண்டு சத்தங்கள் எழுந்தன. வந்தவர் தலையை அசைத்தார். “எஞ்சின் முடிந்துவிட்டது. இரும்பு விலைதான் தரலாம்” என்றார்.

“தம்பி, கொடுத்துவிடவோ? அவர் இருந்தால் என்ன செய்திருப்பார்?” என்று அக்கா எம்மைக் கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. விடை தெரிந்த ஒருவரைத் தேடிச் சென்றோம்.

முதலில் ஒயில், பிறகு ஒலி

எமது பகுதியிலே ஐம்பதாண்டு காலம் வண்டிகளோடு பழகிய மெக்கானிக் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். அவர் வந்ததும் எஞ்சினை இயக்குவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ சாவியைத் தொடவே மறுத்துவிட்டார்.

நெடுநாள் நின்ற எஞ்சினில் ஒயில் முழுவதும் அடித்தொட்டிக்கு வடிந்துவிடும். மேலேயுள்ள வால்வுகளும் அவற்றை அசைக்கும் ரொக்கர்களும் உலர்ந்து கிடக்கும். உப்புக் காற்று வீசும் எமது கரையோரத்தில், உலர்ந்த உருக்கிலே துரு பிடிக்க அதிக காலம் வேண்டியதில்லை. பழைய ஒயிலில் ஈரமும் அமிலமும் கலந்திருக்கும். தாங்கியிலுள்ள பெற்றோலின் இலேசான பகுதி ஆவியாகி, எஞ்சியது பிசினாக மாறத் தொடங்கும். அந்நிலையில் திடீரென எஞ்சினை முடுக்குவது, மாதக்கணக்கில் படுத்திருந்த நோயாளியை எழுப்பி ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பெரியவர் நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது மெல்லிய ஒயிலை விட்டு, ஒரு நாள் ஊறவைத்தார். பழைய ஒயிலையும் பெற்றோலையும் வடித்துப் புதியன ஊற்றினார். மேல்மூடியைத் திறந்து, ரொக்கர்கள் மீதும் ஒயில் விட்டார். மறுநாள், வண்டியின் முன்புறத்திலே செருகிச் சுழற்றும் இரும்புக் கைப்பிடியால் எஞ்சினை மெல்லச் சுற்றிப் பார்த்தார். எங்கும் இறுக்கம் இல்லை. பின்பு பிளக்குகள் இன்றியே ஸ்ராட்டரால் சுழற்றி, ஒயில் அழுத்தம் ஏறி எச்சரிக்கை விளக்கு அணைவதைக் கண்ட பின்னரே பிளக்குகளைப் பூட்டினார். கொட்டகைக்குள் புகை தேங்கினால் உயிருக்கே ஆபத்து என்று கூறி, வண்டியை வெளியே தள்ளச் செய்தார். அதன் பிறகே எஞ்சின் இயங்கியது. இரு சத்தங்களும் முன்போலவே கேட்டன.

காதால் கண்ட நோய்

பெரியவர் ஒரு முழ நீளமான காய்ந்த மரக்கோலை எடுத்து, ஒரு நுனியை எஞ்சினிலும் மறு நுனியைக் காதோரத்திலும் வைத்தார். சுழலும் காற்றாடிக்கும் பட்டிக்கும் எட்டாதபடி சால்வையைக் கழற்றிவைத்திருந்தார்.

“மனே, இங்கே காதைக் கொடு” என்று எம்மை அழைத்தார்.

கேட்டோம். மேல்மூடியின் மீது வைத்தபொழுது ‘டிக், டிக்’ தெளிவாக ஒலித்தது. மூன்றாவது சிலிண்டருக்கு நேரே அது மிகவும் கூர்மையாக இருந்தது. வால்வுகளை இயக்கும் தண்டு, எஞ்சினின் பிரதான தண்டு இரண்டு முறை சுழலும்போது ஒரு முறைதான் சுழலும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுச் சுழலும் எஞ்சினில் ஒரு வால்வு ஐந்நூறு முறையே தட்டும். ஆகவே எஞ்சினின் வேகத்துக்குப் பாதியாகக் கேட்கும் மெல்லிய தட்டல் பெரும்பாலும் மேலேயுள்ள வால்வுப் பகுதியைச் சேர்ந்தது. மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஒன்று துருவினால் சற்றே ஒட்டியிருந்தது. சில துளி ஒயிலும் சிறிது பொறுமையும் அதனை விடுவித்தன. பின்னர், குளிர்ந்த எஞ்சினில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளியாக ரொக்கர் சரிசெய்யப்பட்டது. ‘டிக்’ ஒலி மறைந்தது.

எஞ்சியது ‘டொக்’. அஞ்சவேண்டிய ஒலி அதுவே. பிஸ்டனின் கோலைப் பிரதான தண்டோடு இணைக்கும் பெயரிங் தேய்ந்தால் இத்தகைய கனத்த தட்டல் பிறக்கும். 1990களில் பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்திலே மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ. 40 வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடியமை நேயர்களுக்கு நினைவிருக்கலாம். முழுதும் எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்தால், முதலில் வருந்துவது அந்தப் பெயரிங்குகளே.

இதனை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு பிளக்காக மின்பொறியை நிறுத்த வேண்டும். பெயரிங் பழுதாயின், உரிய சிலிண்டர் எரியாமல் நிற்கும்போது அதன்மீது விழும் பாரம் குறையும், தட்டலும் தணியும். மரப்பிடியுள்ள திருகாணி முடுக்கியால் பெரியவர் முதலாவது பிளக்கை நிறுத்தினார். சத்தம் தணியவில்லை, மாறாக அதிகரித்தது! இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பிளக்குகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

அக்காவின் முகம் வாடியது. பெரியவரோ புன்னகை புரிந்தார். ஒரு சிலிண்டர் நின்றால் எஞ்சின் கூடுதலாகக் குலுங்கும். குலுங்கும்போது அதிகரிக்கும் சத்தம் எஞ்சினுக்குள்ளே இருப்பதன்று. எஞ்சின் எதிலோ இடிக்கின்றது என்பதே பொருள். அவர் குனிந்து, புகைக்குழாய்க்கும் வண்டியின் அடித்தட்டுக்கும் இடையே ஒரு பலகைத் துண்டைச் செருகினார். ‘டொக்’ உடனே நின்றது. எஞ்சினைத் தாங்கும் இறப்பர் இளகிச் சிதைந்திருந்தமையால், எஞ்சின் தாழ்ந்து, புகைக்குழாய் அடித்தட்டிலே மோதிக்கொண்டிருந்தது.

“மகள், எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. இரண்டு இறப்பர் வாங்கினால் போதும்” என்றார் பெரியவர்.

எமது பழைய பிழை

இதனைக் கண்டபொழுது எமக்கு மகிழ்ச்சியோடு வெட்கமும் உண்டாயிற்று. பல்லாண்டுகளுக்கு முன்னர், நின்றுபோயிருந்த எமது சொந்த வண்டியை நண்பர்களைக் கொண்டு தள்ளி முடுக்கி, எழுந்த தட்டலைப் பொருட்படுத்தாது செங்கலடி வரை ஓட்டினோம். உலர்ந்த பெயரிங் வழியிலேயே உருகிப் பிடித்தது. அன்று ஒயில் மாற்ற ஒரு பிற்பகலைச் செலவிட்டிருந்தால், ஓர் எஞ்சின் தப்பியிருக்கும். வேறு எவரையும் நாம் குறைசொல்ல வழியில்லை.

பழையது என்பதால் பயனற்றதா?

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் இலண்டனிலே முதன்முதல் காட்சிக்கு வந்தது. 1971 வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அதன் எஞ்சினிலே மறைவு குறைவு; கையும் காதும் எட்டாத பாகம் சிலவே. அதனாலேதான் இன்றும் அதனைச் செம்மைப்படுத்த இயலுகின்றது. 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலே மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், புதிய வண்டியின் விலை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டுவதாயில்லை. கொட்டகைகளிலே உறங்கும் பழைய வண்டிகளை அவசரப்பட்டுக் கைவிடுவது அறிவுடைமையாகாது.

உங்கள் வீட்டிலும் அத்தகைய வண்டி ஒன்று நிற்குமாயின், சத்தத்தைக் கேட்டுத் தீர்ப்பளிக்க வருபவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கிருந்து வருகின்றது அச்சத்தம்? அதற்கு விடை சொல்ல முடியாதவர் சொல்லும் விலையையும் ஏற்கவேண்டாம். ஆயினும் பிறேக்கையும் ரயர்களையும் பரிசோதிக்காது தெருவில் இறக்கவும் வேண்டாம்.

வண்டியை விற்பதா, வைத்திருப்பதா என்று அக்கா இன்னும் தீர்மானிக்கவில்லை. புதிய இறப்பர் பூட்டிய மாலையிலே அவர் முன்னாசனத்தில் அமர்ந்தார். ஆசிரியரின் இடத்தில் பெரியவர் அமர்ந்து ஓட்டினார். கல்லடிப் பாலம் வரை சென்று திரும்பினோம். வழியிலே அக்கா ஒன்றும் பேசவில்லை. வீடு வந்து எஞ்சின் நின்ற பின்னரே, “அவர் ஓட்டும்போதும் இந்தச் சத்தம்தான்” என்றார்.